எல்லைக்கல்லை எங்கே நடுவது?

தருமபுரியில் ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்ற உறவினர் ஒருவர் சென்ற தை மாதம் தம் மகனுடன் நம் இல்லத்திற்கு வந்திருந்தார். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் அவருக்கு முன்னோர் வழி வந்த 80 சென்ட் நன்செய் நிலம் இருக்கிறது. அதை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதே தந்தைக்கும் மகனுக்கும் இடையே எழுந்த வழக்கு. மகனுக்கு வயது 27. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணி. நடுவர் பொறுப்பை நம் தலையில் ஏற்றவே இருவரும் வந்திருக்கின்றனர் என்பது காப்பி அருந்தி முடிப்பதற்குள் விளங்கிவிட்டது.

இளைஞரின் வாதம் தெளிவானது. "பெரியப்பா, 45 வயதுக்குப் பிறகு இரவுப் பணிக்குக் கூப்பிட்டால் முடியாது என்று சொல்லும் நிலை எனக்கு வேண்டும். அப்பாவும் பள்ளிக்கூட மணிக்குக் கட்டுப்பட்டுத்தான் வாழ்ந்தார். ஆனால் அவருக்கு ஓய்வூதியம் வருகிறது. எனக்கு யார் தருவார்கள்?" என்றார். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியில் சேர்ந்தோரே பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்திற்கு மாற்றப்பட்டனர். தனியார் தொழிற்சாலையில் உழைப்பவருக்கு வருங்கால வைப்பு நிதியும் அதனோடு ஒட்டிய சிறு ஓய்வூதியமும் அன்றி வேறு பிடிமானம் இல்லை. நிலத்தையும் ஓய்வூதியத்தையும் ஒருங்கே அனுபவித்த நம் தலைமுறையினர், இன்றைய இளைஞரைப் பார்த்துப் 'பணத்தாசை பிடித்தவர்கள்' என்று கடிந்துகொள்வது அவ்வளவு பொருத்தமன்று.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். மாதச் செலவு 20,000 ரூபாய், ஆண்டுக்கு 2,40,000, அதைப்போல் 25 மடங்கு 60 லட்சம். அத்தொகை கைக்கு வரும் நாளே தமக்கு விடுதலை நாள் என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார். ஆனால் 60 லட்சத்தின் குறுக்கே ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் 1 கோடி என்றிருந்தது. அதன் குறுக்கேயும் ஒரு கோடு. அதற்குக் கீழே 2 கோடி. முதல் எண்ணுக்கும் மூன்றாம் எண்ணுக்கும் இடையே கழிந்தவை இரண்டே ஆண்டுகள். அவ்விரண்டு ஆண்டுகளில் அவர் செய்தது, தருமபுரியை அடுத்த நல்லம்பள்ளிப் பக்கம் 1,200 சதுர அடியில் ஒரு மனை வாங்கியது மட்டுமே. இரண்டாம் மனைக்குப் பணம் வேண்டியே வந்தவாசி நிலத்தை விற்கும்படி தந்தையை வற்புறுத்துகிறார்.

நாம் அந்தக் குறிப்பேட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். இக்கட்டுரைக்குக் காரணம் அந்த இரண்டு கோடுகளே.

முதலில் அந்த 25 மடங்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வில்லியம் பெங்கன் என்னும் அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் ஒரு கணக்கை வெளியிட்டார். ஓய்வு பெறுபவர் தம் சேமிப்பில் முதலாண்டு நூற்றுக்கு நான்கு பங்கை எடுத்து, பின் விலைவாசிக்கேற்ப அதனை உயர்த்திக்கொண்டே போனாலும், 30 ஆண்டுகள் முதல் தீராது என்பது அதன் சாரம். நூற்றுக்கு நான்கு என்பதைத் திருப்பிப் போட்டால் 25 மடங்கு. ஆனால் அவர் எடுத்துக்கொண்டவை அமெரிக்க நிறுவனப் பங்குகளும் அரசுக் கடன் பத்திரங்களும். நம் இளைஞர் வாங்கியதோ வெற்று மனை. அது ஆண்டுக்கு நான்கு ரூபாயும் தராது, நான்கு காசும் தராது. 1997இல் வெளிவந்து தமிழிலும் பலர் படிக்கும் ராபர்ட் கியோசாகியின் 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை' நூலையும் அவர் படித்திருக்கிறார். கையில் பணம் கொண்டுவந்து சேர்ப்பதே சொத்து, கையிலிருந்து பணத்தை எடுப்பது சுமை என்பது அந்நூலின் இலக்கணம். அந்த இலக்கணப்படியே பார்த்தாலும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வெற்று மனை சுமைப் பட்டியலில்தான் சேரும். இதை நாம் சொன்னதும் தந்தை புன்னகைத்தார். மகன் புன்னகைக்கவில்லை.

கணக்கையும் போட்டோம். மனையின் விலை 7,80,000 ரூபாய். முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2, ஆக 70,200. கையிலிருந்து 1,80,000 போட்டு, மீதி 6 லட்சத்தை 10 விழுக்காடு வட்டியில் 10 ஆண்டுக் கடனாக வாங்கியிருக்கிறார். மாதத் தவணை 7,929 ரூபாய். பத்தாண்டுகளில் தவணையாக மட்டும் 9,51,000 ரூபாய்க்கு மேல் கட்டவேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் 12 லட்சம். பத்தாம் ஆண்டு முடிவில் சதுர அடி 1,000 ரூபாய்க்கு விற்றாலும் போட்ட முதல்தான் திரும்பும். அன்றைய 12 லட்சத்திற்கு இன்றைய மதிப்பு இராது என்பது வேறு. தவணை தவறக்கூடாதே என்பதற்காக, மிகைநேரப் பணியையும் இரவுப் பணியையும் அவர் தாமாகவே கேட்டு வாங்கிச் செய்கிறார். எதை மறுக்கும் உரிமைக்காக மனை வாங்கினாரோ, அதையே மறுக்க முடியாதவராக மனை அவரை ஆக்கியிருக்கிறது.

நிலத்தில் போட்ட பணம் எங்கும் போகாது என்பது நம் ஊர்களில் வேதவாக்குப்போல் வழங்குகிறது. போகாதுதான், ஆனால் வரவும் மறுக்கும். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அனுமதி பெறாத மனைப்பிரிவுகளில் உள்ள மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று ஆணையிட்டது. விளைநிலங்கள் முறையின்றி மனைகளாக மாறுவதைத் தடுக்கவேண்டும் என்ற பொதுநல வழக்கில் பிறந்த ஆணை அது. நோக்கம் நல்லதே. ஆயினும் மாதத் தவணையில் மனை வாங்கி, மகள் திருமணத்திற்கு விற்றுக்கொள்ளலாம் என்றிருந்த எத்தனையோ குடும்பங்கள் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழியறியாது நின்றன. 2017 மே மாதத்தில் அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டு, 2016 அக்டோபர் 20க்கு முற்பட்ட மனைப்பிரிவுகளுக்குக் கட்டணம் பெற்று ஒழுங்குபடுத்த வழி செய்தது. இன்று 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளை விற்பனைக்கு முன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யவேண்டும் என்ற 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பார்த்து வாங்குவோருக்கு அது பாதுகாப்பு. நிலத்தைக் கண்ணால் காணாமலே நிலத்தின் பேரால் பணம் கட்டியவர் கதை இன்னும் பெரிது. பி.ஏ.சி.எல். என்ற நிறுவனம் விளைநிலம் தருவதாகக் கூறி நாடெங்கும் 5 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் 49,100 கோடி ரூபாய் திரட்டியதாக 2014இல் செபி கண்டறிந்து, திருப்பித் தர ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2016இல் நீதியரசர் லோதா தலைமையில் குழு அமைத்தும், பணம் சிறுகச் சிறுகவே திரும்பியது.

இவையெல்லாம் எச்சரிக்கைகள். எச்சரிக்கை வேறு, அறம் வேறு. ஒழுங்கான அனுமதியுள்ள மனையை, கடனின்றி, நல்ல விலைக்கு வாங்கி இரட்டிப்பு விலைக்கு விற்றால் அப்போது குறை ஏதும் இல்லையா? இதுவே நாம் ஆராய வேண்டுவது.

தருமபுரியையே எடுத்துக்கொள்வோம். நல்லம்பள்ளி மனையின் விலை எதனால் ஏறுகிறது? சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் தேசிய நெடுஞ்சாலையால் ஏறுகிறது. அதகபாடி, தடங்கம் பக்கம் சிப்காட் தொழிற்பூங்கா அமைவதால் ஏறுகிறது. புளோரைடு கலந்த கிணற்று நீரால் பல்லும் எலும்பும் கெட்ட இம்மாவட்டத்திற்கு, ஜப்பானியக் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் நிறைவேறி 2013இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால் ஏறுகிறது. சாலையை, குழாயை, பூங்காவை நம் இளைஞர் அமைக்கவில்லை. மனைக்காரர் எவரும் அமைக்கவில்லை. ஊர் கூடி இழுத்த தேரில் ஏறி அமர்ந்தவருக்குக் கூலி கிடைப்பதைப் போன்றது இது. ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கர் 1879இல் வெளியிட்ட 'முன்னேற்றமும் வறுமையும்' என்னும் நூலில் இதைத்தான் வாதித்தார். நிலத்தின் விலையேற்றம் சமுதாயம் ஆக்கியது, ஆதலால் அது வரியாகச் சமுதாயத்திற்கே திரும்ப வேண்டும் என்பது அவர் கொள்கை. ருஷிய ஞானி டால்ஸ்டாய் அக்கொள்கையைப் பெரிதும் போற்றினார். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஆனால் 'என் உழைப்பால் வந்தது' என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லமுடியாத வருவாய் ஒன்று உண்டு என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. வானம் பொய்த்த புன்செயில் கேழ்வரகும் சாமையும் விளைத்த உழவர் அதனை 40 லட்சத்துக்கு விற்றார் என்று கொள்வோம். சதுர அடிக்கு 92 ரூபாய் அவருக்குக் கிடைத்தது. சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டதுபோக எஞ்சிய நிலம் மனையாகும்போது சதுர அடி 650 ரூபாய். இடையில் நின்றவர்கள் பலர். கடைசியில் குடியிருக்க வீடு கட்டவேண்டி வாங்க வரும் ஏழைத் தொழிலாளி, இவர்கள் அனைவருடைய விடுதலைக்குமான விலையைத் தம் தலையில் சுமக்கிறார். அவரும் இதே ஓசூர்த் தொழிற்சாலையில், அடுத்த இயந்திரத்தில் நிற்பவராக இருக்கலாம். தமிழில் வீடு என்ற ஒரு சொல்லே குடியிருக்கும் இடத்தையும் பிறவித் தளையிலிருந்து விடுபடுதலையும் குறிக்கிறது. ஒருவர் விடுபடுவதற்கு இன்னொருவர் குடியிருக்க இடமின்றித் தவிப்பது அச்சொல்லுக்கே இழுக்கு.

இனி நம் முன்னோர் கூறிய மிகுபொருள் விரும்பாமைக்கு வருவோம். பொருளே கூடாது என்பது துறவியருக்கு. இல்லறத்தாருக்கு விதித்தது பரிக்கிரக பரிமாணம். அதாவது, தானே ஓர் எல்லை வகுத்துக்கொண்டு அதற்குள் நிற்றல். உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தில் இவ்விரதத்திற்கு வரும் பிழைகளை எண்ணும்போது, எல்லை மீறக்கூடாத பொருள்களின் வரிசையில் முதலில் நிற்பவை நிலமும் வீடும். பொன்னும் வெள்ளியும்கூட அவற்றிற்கு அடுத்தே வருகின்றன. சமந்தபத்திராசாரியாரோ இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வேறுவகையாக எண்ணுகிறார். அவர் கூறும் பிழைகளுள் ஒன்று, பிறர் செல்வத்தைக் கண்டு அளவுகடந்து வியத்தல். நம் இளைஞரிடம், 60 லட்சம் 1 கோடியானது எப்போது என்று கேட்டோம். சற்று யோசித்து, உடன் பணிபுரிபவர் ஒருவர் ஓசூரில் மூன்று மனை வைத்திருப்பதை அறிந்த வாரத்தில் என்றார். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஆசாரியர் ஓசூர்த் தொழிற்சாலையின் உணவுக்கூடத்தையும் அறிந்தே எழுதினார் போலும்!

சுவேதாம்பர ஆகமமாகிய உபாசகதசாங்கத்தில் ஆனந்தன் என்ற பெருஞ்செல்வர் வருகிறார். பகவான் மகாவீரரிடம் அறங்கேட்டு விரதம் பூண்ட அவர், தம் நிலத்திற்கு இட்டுக்கொண்ட எல்லை 500 ஏர். இதைப் படிக்கும் நம் அன்பர்கள் சிரிக்கக்கூடும். 500 ஏர் வைத்திருப்பது ஒரு விரதமா என்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் நிலத்தை நிலத்தால் அளந்தார், பொற்காசால் அளக்கவில்லை. விலை ஏறினாலும் இறங்கினாலும் 500 ஏர் 500 ஏரே. நம் இளைஞர் தம் எல்லையைப் பணத்தால் அளந்தார். பணத்தின் மதிப்போ ஆண்டுதோறும் தேய்கிறது. 'இருபது ஆண்டுக்குப் பின் 60 லட்சம் எம்மாத்திரம்?' என்று அவர் கேட்டதில் உண்மை இருக்கிறது. கோடு கிழித்ததெல்லாம் பேராசையால் என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் விலைவாசி இரண்டாண்டுகளில் மும்மடங்கு ஏறவில்லை. தேய்கின்ற கோலால் அளப்பவருக்கு, எது விலைவாசி எது ஆசை என்று தமக்கே தெரியாமற் போகும். குடியிருக்க ஒரு வீடு, இத்தனை சென்ட் நிலம், இத்தனை பேருக்கு உணவு, இத்தனை மாதத்திற்குக் கைப்பொருள் என்று பொருளைப் பொருளாலேயே அளந்து எழுதும்படி அவரிடம் கூறினோம்.

அப்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். "எல்லைக்கு உள்ளேயே நிற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரியப்பா. சிப்காட் வந்து, நான் சும்மா இருக்கும்போதே இருக்கிற ஒரு மனையின் விலை பத்து மடங்கு ஆகிவிட்டால் விரதம் முறிந்ததா?" என்றார். நல்ல கேள்வி, உடனே விடை சொல்ல நம்மால் முடியவில்லை. அளவு நிலத்தால் இட்டதாயின் முறியவில்லை என்றே தோன்றுகிறது. விற்றுப் பணமாகும் நாளில்தான் சோதனை. அப்போது மிகும் பங்கு தம்முடையதன்று என்று முன்னரே எழுதி வைத்தவருக்கு அதனைத் தானமாகக் கொடுப்பது எளிது. விற்றபின் எண்ணத் தொடங்குபவருக்கு மிகக் கடினம்.

இதற்குத் தருமபுரியிலேயே ஒரு பழஞ்சான்று உண்டு. தகடூர் என்று வழங்கிய அவ்வூரை நொளம்ப மன்னன் மகேந்திரன் ஆண்ட கி.பி. 893இல், வணிகர் மக்களாகிய நிதியண்ணன், சண்டியண்ணன் என்போர் அங்கு ஒரு பசதியை எழுப்பினர். நிதியண்ணன் மன்னனிடமிருந்து மூலப்பள்ளி என்ற ஊரைப் பெற்று, பசதியின் பராமரிப்புக்கும் வழிபாட்டுக்குமாகக் கனகசேன சித்தாந்த படாரரிடம் ஒப்படைத்தார் என்று கல்வெட்டுக் கூறுகிறது. அரசன் கொடுத்த ஊர் கைக்கு வந்தது. கைக்கு வந்த வேகத்திலேயே கையை விட்டுச் சென்றது. அவர் உழைத்துச் சேர்த்ததன்று அந்த ஊர் என்பதை அவர் மறக்கவில்லை என்றே நமக்குப் படுகிறது.

தந்தையின் பக்கம் நியாயம் முழுதும் இருந்ததாக வாசக அன்பர்கள் எண்ணிவிடக் கூடாது. முன்னோர் நிலத்தை விற்கமாட்டேன் என்பதே அவர் வாதம். வேறு காரணம் சொல்லவில்லை. பரிக்கிரகம் என்பது பொருளில் இல்லை, பொருளைப் பற்றிய மயக்கத்தில் இருக்கிறது என்பது உமாசுவாமி காட்டும் பொருள். அந்த மயக்கம் மனைக்கு இருப்பதுபோல் நன்செய்க்கும் உண்டு. வட ஆர்க்காடு, தென்னார்க்காடு பகுதிகளில் நம் சமுதாயத்தார் தலைமுறை தலைமுறையாக நிலத்தை நம்பி வாழ்ந்தவர்கள். ஆதலால் நிலத்தின் மேல் கொண்ட பற்றைப் பற்று என்றே நாம் கருதுவதில்லை.

பேச்சு இவ்வளவு நீண்டபின் நாம் ஒன்று கேட்டோம்: "அந்த 80 சென்டை இப்போது யார் உழுகிறார்?" தந்தையும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் முப்பது ஆண்டுகளாக வாய்மொழிக் குத்தகையில் பயிரிட்டு வருகிறாராம். காலையிலிருந்து நடந்த வழக்கில் அவர் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது. எழுத்தில்லாத குத்தகைக்காரர் அதைக்கொண்டு என்ன செய்வார்? விற்றால் வாங்குபவர் அதை மனையாக்கக்கூடும். விற்காவிட்டாலும் அவருடைய நிலை இன்றுள்ளது போல்தான். தந்தை வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அவன் கேட்டால் அவனுக்கே கொடுக்கலாம். ஆனால் அவனால் மொத்தமாகத் தர முடியாது" என்றார். "தவணையில் தரட்டுமே, நானும் தவணைதானே கட்டுகிறேன்" என்றார் மகன்.

இரண்டாம் மனைக்கான பேச்சை அவர் நிறுத்திவைத்திருக்கிறார். கைவிட்டுவிட்டார் என்று நாம் சொல்வதற்கில்லை. மாசி மாதத்தில் இருவரும் வந்தவாசிக்குப் பேருந்தேறினர். வரப்பில் நின்று விலை என்ன என்று குத்தகைக்காரர் கேட்டபோது, மகன் சதுர அடிக் கணக்கில் சொல்லத் தொடங்கி, இடையில் நிறுத்திக்கொண்டு, சென்ட் கணக்கில் சொன்னாராம். தந்தை கடிதத்தில் எழுதியிருந்தார்.